சித்தம்பூண்டிக் கல்லும் திங்கள் மண்ணும்

எமது ஆரணியில் பட்டு நெய்வோர் வாழும் வீதிகளில் காலையில் நடப்போர், பாவு நீட்டியிருக்கும் காட்சியைக் காண்பர். ஆயிரக்கணக்கான இழைகளை நேர்நிறுத்திச் சிக்கு நீக்கி, அறுந்தனவற்றை முடிந்து, தறிக்கு ஏற்றபடி அமைத்தல் பெரும் பொறுமைக்குரிய வேலையாம். கடையிலே சேலையை விரித்துப் பார்ப்பவர் கண்ணுக்குச் சரிகையின் ஒளி தோன்றுமேயன்றி இவ்வுழைப்புத் தோன்றாது. ஆயினும், பாவு செவ்வனே அமையாத தறியில் எத்துணைச் சரிகை இட்டாலும் ஆடை உருவாகாது. அறிவியல் துறையிலும் இத்தகைய பாவு வேலை ஒன்றுண்டு. அதுவே கள ஆய்வு எனப்படுவது. கோள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் அதற்குரிய இடம் யாது, அதற்கு வேண்டும் பொருளுதவி குறைந்தால் விளையும் கேடு யாது என்பவற்றை, நம் தமிழ்நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே ஈண்டு விளக்க முயல்வேன்.

திங்களும் செவ்வாயும் எட்டாத் தொலைவில் இருக்க, அவற்றை ஆராய்வோர் காடும் மலையும் சுற்றுவது எதற்கு என்று சிலர் வினவலாம். விடை எளிது. கல் உருகுவதும் உறைவதும் உடைவதும் எவ்வுலகிலும் ஒரே இயற்கை நியதிப்படியே நிகழ்கின்றன. ஆதலின், அங்குள்ள கல்லை அறிய விரும்புவோர் அதனை ஒத்த கல்லை இங்கே கையாற் பழகுதல் வேண்டும். மகாராட்டிரத்திலுள்ள லோனார் ஏரி விண்கல் மோதிக் குடைந்த பள்ளமாகும். அதன் குறுக்களவு ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். எரிமலைக் குழம்பு உறைந்த பாறையில் அஃது அமைந்திருத்தலின், திங்களிலும் செவ்வாயிலும் உள்ள பள்ளங்களை அறிய விரும்புவோர்க்கு அவ்விடம் ஒரு பள்ளிக்கூடம் போன்றது.

நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் அத்தகைய பள்ளிக்கூடமே. அங்கே அனார்த்தோசைட்டு என்னும் வெளிறிய பாறை மிகுதியாகக் கிடைக்கின்றது. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது அது. திங்கள் தோன்றிய காலத்தில் அதன் மேற்பரப்பு முழுதும் உருகிய கற்குழம்பாய் இருந்ததென்றும், அக்குழம்பில் பளு குறைந்த படிகங்கள் மேலே மிதந்து உறைந்தமையால் இவ்வகைப் பாறையாலான ஓடு உண்டாயிற்றென்றும் அறிஞர் கருதுகின்றனர். நாம் இரவில் காணும் திங்களின் வெண்மையான பகுதிகள் பெரும்பாலும் இப்பாறையினவே.

சித்தம்பூண்டிப் பாறைகளை விரிவாக ஆராய்ந்து ஏ. பி. சுப்பிரமணியம் என்னும் அறிஞர் 1956-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். அப்பொழுது அவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. மனிதன் விண்ணில் ஏவிய துணைக்கோள் ஒன்றேனும் அக்காலத்தில் இல்லை. அவ்வாராய்ச்சியால் யாது பயன் என்று ஒருவர் அன்று கேட்டிருப்பின், விடை கூறுதல் எளிதாயிராது. விடை பல ஆண்டுகள் கழித்தே வந்தது. சந்திரயான்-2 கலத்தின் இறங்கு கருவியையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க, திங்கள் மண்ணை ஒத்த மண் 60 முதல் 70 டன் வரை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வேண்டியதாயிற்று. அமெரிக்காவிலிருந்து அதனை வாங்குவது பெருஞ்செலவாகும். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியமைப்பியலார் முதலியோர் துணையால் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் கல் தெரிந்தெடுக்கப்பட்டு, பொடியாக்கப்பட்டு, பெங்களூருக்கு அனுப்பப்பட்டது. இதற்கென முதலில் 25 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டிருந்தும், உதவியோர் கூலி பெறாமையால் அச்செலவு நேரவில்லை என்று விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரை கூறியுள்ளார்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 திங்களின் தென்பகுதியில் இறங்கியது. அதன் ஊர்தி 103 மீட்டர் தூரம் சென்று 23 இடங்களில் மண்ணை ஆராய்ந்தது. அம்மண் அனார்த்தோசைட்டின் இனத்ததே என 2024-இல் வெளியான முடிவு காட்டிற்று. உலகம் போற்றிய அவ்வெற்றியின் அடியில், சுத்தியலும் குறிப்பேடுமாய் மேட்டு நிலங்களில் வெயிலில் அலைந்தோர் உழைப்பும் கிடக்கின்றது.

அமெரிக்கர் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. அப்போலோ-15 வீரரை லீ சில்வர் என்னும் பேராசிரியர் பலமுறை மலைப்புறங்களுக்கு அழைத்துச் சென்று கற்களை நோக்கப் பழக்கினார். அப்பழக்கத்தாலன்றோ அவர்கள் 1971-இல் திங்களில் பழமை வாய்ந்த அனார்த்தோசைட்டுக் கல்லைக் கண்டவுடன் இனங்கண்டு எடுத்தனர்! ஆயினும், அதற்கு முந்திய ஆண்டிலேயே மூன்று அப்போலோ பயணங்கள் கைவிடப்பட்டுவிட்டன. திங்களில் நடந்த புவியமைப்பியலார் ஆரிசன் சுமித்து ஒருவரே. அவரும் கைவிடப்பட்ட பயணங்களுள் ஒன்றிற் செல்வார் என எதிர்பார்க்கப்பட்டுப் பின்னர் 1972-இல் இறுதிப் பயணத்தில் இடம் பெற்றவர்.

நிற்க. அண்மையில் 2025-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்க அரசு தன் விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் அறிவியற் பகுதிக்குரிய தொகையை ஏறத்தாழ 730 கோடி டாலரிலிருந்து 390 கோடியாகக் குறைக்க முன்மொழிந்தது. அந்நாட்டுப் பேரவை 2026-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதனைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. ஆயினும், இடைப்பட்ட மாதங்களில் ஆராய்ச்சியாளர் நாளை என்னாகுமோ என்றே காலங்கழிக்க நேர்ந்தது. நம் நாட்டிலோ ஆராய்ச்சிக்குச் செலவானது 2020–21-இல் மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடே.

பணம் குறையுங்கால் முதலில் வெட்டுப்படுவது கள ஆய்வே. ஏவப்பட்ட கலத்தை இடைவழியில் நிறுத்த ஒருவரும் விரும்பார்; மாணவன் ஒருவன் மலைக்குச் செல்லும் பயணத்தை நிறுத்தினால் ஒருவரும் அறியார். எங்கள் வீதியில் நெசவுக் குடும்பத்தார் ஒருவர் புவியமைப்பியலில் ஆராய்ச்சி மாணவராய் இருந்தார். உதவித்தொகை பல மாதம் வாராமையால் அவரது கல் திரட்டும் பயணம் தள்ளிப்போயிற்று, பருவமும் கழிந்தது. இன்று அவர் தந்தையாரின் தறியில் அமர்ந்திருக்கின்றார். தறி இழிவானதன்று, என் பாட்டனாரும் அத்தொழிலரே. ஆயினும், ஒரு பாறையைக் கண்ட அளவில் அதன் வரலாற்றை எனக்கு எடுத்துரைத்த அவர் கண்ணுக்கு இப்பொழுது வேலையில்லை. கலத்தை மீண்டும் கட்டலாம். பழகிய கண்ணை ஓராண்டில் ஆக்கவியலாது.

அவரை ஒருநாள் இதுபற்றிக் கேட்டேன். "தம்பி, பாவில் ஓரிழை அறுந்தால் அன்றே முடிய வேண்டும். விட்டுவிட்டு நெய்தால் சேலை முழுதும் அந்தக் கோடு ஓடும்," என்றார். பொருளுதவி அளிக்கும் நிலையில் உள்ளோரும், நாளை அந்நிலை எய்தப்போகும் நம் கல்லூரி மாணவரும் இதனை நினைவிற் கொள்வாராக.