எல்லா உப்பும் ஒரே உப்பல்ல

"உணவில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பது சிறுநீரகப் பிரிவில் நாங்கள் அன்றாடம் கூறும் அறிவுரை. அதைக் கேட்டுச் செல்லும் குடும்பத்தினர் பலர் அடுத்த முறை வரும்போது ஒரு வினாவையும் உடன் கொண்டுவருகின்றனர்: "சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறதே, அதை வாங்கலாமா? இல்லையென்றால் இந்துப்புக்கு மாறிவிடலாமா?" இதற்கு ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும், பள்ளியில் படித்த வேதியியலின் சில அடிப்படைக் கருத்துகளை நினைவுகூர்ந்தால், அவ்விடையின் காரணமும் விளங்கும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் உள்ள எண்களின் பொருளும் புலப்படும்.

தனிமமும் சேர்மமும்

வேதிமுறையில் அதனினும் எளிய பொருளாகப் பிரிக்க இயலாத பொருளைத் தனிமம் என்கிறோம். சோடியம் ஒரு தனிமம். நீர் பட்டால் கடுமையாக வினைபுரியும் உலோகம். குளோரினும் தனிமமே, அது நச்சு வாயு. இவ்விரண்டும் குறிப்பிட்ட விகிதத்தில் இணையும்போது, இரண்டின் இயல்பும் இல்லாத புதிய பொருள் உண்டாகிறது. அதுவே சோடியம் குளோரைடு என்னும் சேர்மம். நம் சமையலறை உப்பு. சேர்மத்தின் விகிதம் எங்கும் மாறாது. எடையில் ஏறத்தாழ 39 விழுக்காடு சோடியம், எஞ்சியது குளோரின்.

தூத்துக்குடி உப்பளங்களில் விளையும் கல் உப்பும், ஆலையில் அரைத்த தூள் உப்பும், பாறையிலிருந்து வெட்டியெடுக்கப்படும் இந்துப்பும் பெரும்பகுதி இதே சேர்மம்தான். ஆகவே, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பொறுத்தவரை இந்துப்புக்கு மாறுவதால் பயனில்லை. அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பு எனில், தைராய்டு சுரப்பிக்குத் தேவையான அயோடினையும் இழக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. இது சுமார் 2 கிராம் சோடியத்திற்குச் சமம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும்.

மற்றோர் உப்பு

பேச்சுவழக்கில் உப்பு என்பது ஒரு பொருளின் பெயர். வேதியியலிலோ அது ஓர் இனத்தின் பெயர். அவ்வினத்தில் பொட்டாசியம் குளோரைடும் ஒன்று. அதுவும் வெண்ணிறமானது, உப்புச் சுவையுடன் சற்றுக் கசப்பும் உடையது. 'சோடியம் குறைந்த உப்பு' என விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை நீக்கி, அவ்விடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். அதன் எடையில் ஏறத்தாழ 52 விழுக்காடு பொட்டாசியம்.

சோடியமும் பொட்டாசியமும் நெருங்கிய உறவுடைய தனிமங்கள். இங்கிலாந்து வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1807-ஆம் ஆண்டில் சில நாள் இடைவெளியில் இரண்டையும் பிரித்தெடுத்தார். தனிம வரிசை அட்டவணையில் இரண்டும் ஒரே தொகுதியில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. எனினும் நம் உடல் அவற்றை முற்றிலும் வேறாகவே நடத்துகிறது.

அயனியும் செறிவும்

உப்பு நீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிகிறது. இவையே அயனிகள். உடலில் சோடியம் அயனிகள் பெரும்பாலும் செல்களுக்கு வெளியேயும், பொட்டாசியம் அயனிகள் செல்களுக்கு உள்ளேயும் இருக்கின்றன. மொத்தப் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு செல்களுக்குள்தான். உள்ளும் புறமும் உள்ள இந்த வேறுபாட்டைக் கொண்டே நரம்புகள் செய்தி கடத்துகின்றன. இதயம் சீராகத் துடிக்கிறது.

பரிசோதனை அறிக்கையில் பொட்டாசியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை எனக் காணலாம். மோல் என்பது என்ன? மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மல்லிகை மொட்டுகளை எவரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, எடை போடுகின்றனர். எண்ணி முடியாத அணுக்களையும் வேதியியலாளர் எடையின் வழியே எண்ணுகின்றனர். 23 கிராம் சோடியத்தில் எத்தனை அணுக்கள் உள்ளனவோ, 39 கிராம் பொட்டாசியத்திலும் அத்தனை அணுக்களே உள்ளன. அந்த எண்ணிக்கையே ஒரு மோல். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல். சில அறிக்கைகளில் 'மில்லி ஈக்விவலன்ட்' என்றிருக்கும். சோடியம், பொட்டாசியம் இரண்டிற்கும் அந்த எண் மாறாது.

இப்போது ஒரு சிறு கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் செல்களுக்கு வெளியே சுமார் 12 லிட்டர் நீர்மம் உண்டு. லிட்டருக்கு 4.5 மில்லிமோல் என்றால், அதில் கரைந்துள்ள மொத்தப் பொட்டாசியம் 2 கிராம் அளவே. தூய பொட்டாசியம் குளோரைடு 5 கிராமில் மட்டுமே 2.6 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. நலமான உடலில் செல்கள் அதை விரைந்து உள்வாங்கும். சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அது தங்கிவிடுகிறது. கடையில் விற்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு ஒரு பகுதியே என்றாலும், நாள்தோறும் சேரும்போது அளவு உயரும். மிகவும் உயர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றுவிடவும் கூடும். பலருக்கு முன்னறிகுறி எதுவும் தோன்றுவதில்லை.

யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை?

இவ்வகை உப்பு எல்லோருக்கும் தீயதன்று. சீனாவில் 600 கிராமங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோயுள்ளவர்கள் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையும் சிறுநீரகப் பாதிப்புள்ளோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்குப் பொருந்தாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது:

உப்புப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். 'பொட்டாசியம் குளோரைடு' என்றிருந்தால், சிறுநீரக நோயுள்ளவர் இருக்கும் வீட்டில் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

இரத்த அழுத்தத்திற்கும் இதயத்திற்கும் தரப்படும் எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உப்பை மாற்றும் முன் எங்களிடம் கூறுங்கள்.

பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இளநீரையும் வாழைத்தண்டுச் சாற்றையும் தவிர்க்க வேண்டும். பொட்டாசியம் நீரில் கரையும். எனவே காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் ஒரு பகுதி நீங்கும்.

திடீரென உடல் தளர்ச்சியோ கைகால்களில் வலுவின்மையோ நெஞ்சுப் படபடப்போ ஏற்பட்டால், உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

உப்பைக் குறைப்பதற்குப் பாதுகாப்பான வழி, வேறு உப்பைத் தேடுவதன்று. இருக்கும் உப்பின் அளவைக் குறைப்பதே. எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கொண்டு சுவை கூட்டலாம். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அடுத்த முறை வரும்போது, உங்கள் வீட்டு உப்புப் பொட்டலத்தையும் உடன் கொண்டுவாருங்கள். சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.