கையில் ஏற்றும் கனுலா ஏன் கெடுகிறது?

"நேத்துத்தானே குத்தினீங்க மிஸ், இண்டைக்கி ஏன் மத்தக் கையில குத்துறீங்க?" தாதியாக வாட்டில் வேலை செய்த காலத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது.

கனுலா போட்டால் ஊசி உள்ளே இருக்கும் என்றே பலர் நினைக்கிறார்கள். ஊசியை உடனே எடுத்துவிடுவோம். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டுமே நாளத்தில் தங்கும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1807 வளர்ந்த நோயாளரிடம் நான்கு வகை ஒட்டுமுறைகளை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. எந்த முறையிலும் 100க்கு ஏறத்தாழ 40 கனுலாக்கள், சிகிச்சை முடியுமுன்னரே பழுதாகின. ஆகவே இதைக் குத்தியவரின் கைப்பிழை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

காரணங்கள் பல. முதலாவது, நாள அழற்சி. மெல்லிய நாளத்தில் பருத்த குழாய் நுழைந்தால் அதைச் சுற்றி இரத்தம் ஓட இடமில்லை. மருந்து கலந்து நீர்க்காமல் நாளச் சுவரைச் சுடும். பொட்டாசியம், வன்கோமைசின் போன்றவை இதில் பொல்லாதவை. கனுலாவில் இலக்கம் கூடக் கூடக் குழாய் மெலியும்: பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22.

இரண்டாவது, குழாயின் நுனி சுவரைத் துளைத்து மருந்து தசைப் பக்கம் கசிவது. கை ஊதி, தொட்டால் குளிரும். மூன்றாவது, இரத்தம் உறைந்து அடைப்பது. மருந்துக்கு முன்னும் பின்னும் சேலைன் செலுத்துவது இதற்காகவே. நான்காவது, கழன்றுவிடுவது. முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் போட்டது கை மடியும்போதெல்லாம் அசையும். முன்கையே நல்ல இடம். வியர்வையும் வுழூத் தண்ணீரும் பிளாஸ்டரை இளக்கிவிடும். கிருமித்தொற்று அரிது, ஆனால் இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து.

மூன்று நாளுக்கொரு தடவை மாற்றினால் போதும் என்பது பழைய வழக்கம். 2012இல் வெளியான ஆய்வில் 3283 நோயாளரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். நாள் கணக்கில் மாற்றியவர்களுக்கும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் அழற்சி ஒரே அளவு: 7 சதவீதம். நாளை எண்ணுவதை விட, தினமும் அந்த இடத்தைப் பார்ப்பதே முக்கியம். மருந்து முடிந்தால் "இருக்கட்டும்" என்று விடாமல் கழற்றிவிட வேண்டும்.

நோயாளிக்குத் துணை நிற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். "எரியுது, கடுக்குது" என்று அவர் சொன்னால் "கொஞ்சம் பொறுங்க" என்று அடக்காதீர்கள். உடனே தாதியைக் கூப்பிடுங்கள். கட்டுப் போட்ட கையை நனைக்க வேண்டாம். மஸ்ஹு, தயம்மும் என்ற சலுகைகள் மார்க்கத்தில் உண்டு. விபரத்தை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். சேலைன் போத்தலைப் பார்க்கிற கண், கையையும் ஒரு தரம் பார்க்கட்டும்.