தாத்தா பேரை எழுதி வைத்தீர்களா?

யான் பட்டணத்துக்குப் பக்கத்தில், ஜெராய் மலை அடிவாரத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த மண்ணிலே பிறந்து, சிறு வயதிலேயே காண்டா வாளி தூக்கி, ஆறு பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கியவர். ஆனாலும் அவர் கையில் இருப்பது இன்றைக்கும் சிவப்பு அடையாளக் கார்டுதான். ஓட்டுப் போட முடியாது.

அவருக்குக் குடியுரிமை மனு எழுதிக் கொடுக்க நாம் போயிருந்தோம். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பாரத்தை விரித்தோம். முதல் பக்கத்திலேயே முட்டுக்கட்டை.

“பாட்டி, உங்கப்பா பேரு?”

பாட்டி சற்று நேரம் மலையைப் பார்த்தார். “தெரியாதே தம்பி. எங்கம்மா வாயால சொன்னதே இல்ல. புருசன் பேரச் சொல்லலாமா? ‘சயாமுக்குப் போனவரு’ன்னுதான் சொல்லும்.”

வாசகத் தோழர்களே, இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நம்மில் எத்தனை பேர் தாத்தாவின் அப்பா பேரைச் சொல்வோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பாட்டி வயிற்றில் இருந்தபோது சப்பான்காரன் ஆட்சி. தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துச் சயாம் மரண ரயில் வேலைக்கு ஏற்றினார்கள். அப்பா போனார், திரும்பவில்லை. 1943-இல் கெடாவையே சப்பான்காரன் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். அந்தக் குழப்பத்தில் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்புப் பத்திரம் எழுதுவார்? பிறகு பன்னிரண்டு வயதில் கார்டு எடுக்க மாமன் கூட்டிப் போனார். தகப்பன் பேர் என்ற இடத்தில் மாமன் பேரையே எழுதிவிட்டார்கள். அன்றைக்கு விழுந்த எழுத்து இன்றைக்கும் குறுக்கே நிற்கிறது.

இந்த நேரத்தில் நம்மைப்போலவே கடல் கடந்து போன இன்னொரு கூட்டத்தை நினைத்துப் பார்க்கிறோம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். சிலர் கரும்பு வைத்தார்கள். 1895-இல் வெள்ளைக்காரச் சர்க்கார், ஒப்பந்தம் முடிந்தும் திரும்பிப் போகாதவர் தலைக்கு வருடம் மூன்று பவுன் வரி என்று சட்டம் போட்டது. 1913-இல் பெரிய வேலை நிறுத்தம் செய்து, அடுத்த வருடம் அந்த வரியை ஒழித்தார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பங்கள் உண்டு.

அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகளுக்கு நமக்கில்லாத ஒரு வசதி இருக்கிறது. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்டு, பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் எழுதினார்கள். அன்புக்காக எழுதவில்லை, கூலி ஓடிவிடாமல் இருக்க எழுதினார்கள். அந்தக் கப்பல் ஏடுகள் அழியாமல் இருப்பதால், இன்றைக்குப் பேரன் அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு தாத்தாவின் கிராமத்தைத் தேடிப் போகிறான். விலங்காகப் போட்ட நம்பர் பேரனுக்கு வழிகாட்டியாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அங்கே நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலி என்று குடும்பப் பேர் நிலைத்துவிட்டது. சில குடும்பங்களில் முதலில் வந்தவரின் பேரே குடும்பப் பேராயிற்று. நமக்கோ தலைமுறைக்குத் தலைமுறை பேர் மாறுகிறது. ராமசாமி மகன் முனியாண்டி, முனியாண்டி மகன் சேகர். மூன்றாம் தலைமுறையில் ராமசாமி காணாமல் போகிறார்.

நம் முன்னோர் பெரும்பாலும் கங்காணி கூட்டி வந்த ஆட்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் இங்கே ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே கங்காணி தன் ஊருக்குப் போய், சொந்தபந்தம் சொல்லி ஆள் சேர்த்தார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். ‘ரஜூலா’ கப்பல் பேர் இன்றைக்கும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. 1938-இல் இந்திய அரசாங்கம் கங்காணி ஆள் சேர்ப்பைத் தடை செய்தது. நேட்டால்காரர்களுக்குப் போல நம்மவருக்கு ஒரே இடத்தில் வரிசையாகப் பார்க்கும் ஏடு இல்லை. கங்காணிக்கு எல்லாம் தெரியும். கங்காணி போனார், கணக்கும் போயிற்று.

பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, சுமார் 60,000 பேர் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இங்கேயே பிறந்து, பத்திரம் இல்லாமல் தவித்தவர்களும் உண்டு. 1962-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது, பெற்றோர் நிலையையும் காட்ட வேண்டும் என்றாயிற்று. ஆகவே அப்பன் ஆத்தாள் வரலாறு வெறும் கதையல்ல, பிள்ளையின் உரிமை.

இன்றைக்கு ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களை உடைத்தாயிற்று. பிள்ளைகள் சுங்கைப் பட்டாணி, பினாங்கு என்று பிரிந்துவிட்டார்கள். கதை தெரிந்த கிழவிகள் ஒவ்வொருவராகப் போகிறார்கள்.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்குங்கள். வீட்டில் மூத்தவரை உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். தாத்தா பாட்டி பேர், அவர்களின் அப்பா அம்மா பேர், எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் தோட்டத்தில் இறங்கினார்கள், யார் கங்காணி, எங்கே அடக்கம் செய்தார்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். ஊர் மறந்திருந்தால் குலதெய்வத்தைக் கேளுங்கள். சாமி பேர் ஊருக்கு வழி சொல்லும். தாய் வழியை விட்டுவிடாதீர்கள். நம் வம்சக் கதையில் பெண்பிள்ளைகள்தான் முதலில் தொலைந்து போகிறார்கள். சாதிப் பெருமை பேச இந்த நோட்டு வேண்டாம்.

பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொரு பத்திரத்திலும் பேர் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காதில் விழுந்தபடி கிராணி எழுதினார்; ஒரு பத்திரத்தில் லெட்சுமி, இன்னொன்றில் லெச்சுமி. ஓரெழுத்து வித்தியாசத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

யான் பாட்டி கதைக்கு வருவோம். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். சண்டைக்கு முன்பே தோட்டப் பள்ளியில் ஒரு வருடம் படித்தவர். அவர் மகன் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய பள்ளிப் பத்திரம் ஒன்று அகப்பட்டது. ஓரம் செல்லரித்திருந்தாலும் தகப்பன் பேர் இருந்த வரி தப்பியிருந்தது. நாம் அதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினோம்.

பாட்டி அந்தப் பேரை ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். “நல்ல பேராத்தான் இருக்கு தம்பி” என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனு போயிருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கிறோம். நீங்கள் நோட்டு வாங்கக் காத்திருக்க வேண்டாம்.