மூச்சுடன் உட்செல்லும் இன்சுலின் தூள்

இன்சுலின் ஒரு புரதம், உண்டால் செரித்துவிடும். ஊசியைத் தவிர்த்து நுரையீரலுக்குச் செலுத்த, அதன் கரைசலை வெப்பக்காற்றில் நுண்திவலைகளாகத் தெளித்து உலர்த்துவர். துகள் 1 முதல் 5 மைக்ரான் அளவினதாதல் வேண்டும்; பெரியது தொண்டையிலேயே தங்கிவிடும்.

நீரிழந்த புரதம் உருக்குலையக்கூடும். ஆகவே டிரெஹலோஸ் போன்ற சர்க்கரையைக் கரைசலிற் சேர்ப்பர். அது படிகமாகாமல் கண்ணாடிபோல் இறுகி, நீர் இருந்த இடத்தில் தான் நின்று புரதத்தைக் காக்கிறது. ஆயின் ஈரம் இதற்குப் பெரும்பகை. ஈரம் ஏறினால் கண்ணாடி இளகும், சர்க்கரை படிகமாகும், புரதம் காப்பிழக்கும், துகள்களும் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் வெல்லம் கசிவதைக் கண்டோர்க்கு இதனை மிகுதியும் விளக்க வேண்டுவதில்லை. லூசின் சேர்த்தால் அது துகளின் மேற்பரப்பில் படிந்து ஒட்டுதலைக் குறைக்கும். எனினும் ஈரம் புகாத உறை இன்றியமையாதது.

மானிடால், கிளைசின் முதலியவற்றுடன் இம்முறையில் உலர்த்திய 'எக்ஸுபெரா' 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குளிர்ப்பெட்டியின்றியே அதனை வைத்திருக்கலாம். ஆயினும் உறிஞ்சுகருவி பெரிதாயிருந்தது. விற்பனையும் குன்றவே, 2007-இல் நிறுவனம் அதனைக் கைவிட்டது.