கட்டிக்குள் இருப்பது ரத்தமா, கொழுப்பா? காந்தம் சொல்லுகிறது!

வயிற்றின் வலது பக்கம், விலா எலும்புகளுக்கு உள்ளே இருக்கிறது கல்லீரல். பெரியவர்களுக்கு அது சுமார் ஒன்றரை கிலோ எடை இருக்கும்.

அதில் ஒரு கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், வீடே கலங்கிப் போகும். "புற்றுநோயோ?" என்ற பயம்தான் முதலில் வரும்.

ஆனால், கல்லீரலில் உண்டாகும் எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஒரு கெடுதலும் செய்யாமல் ஆயுள் முழுவதும் கிடக்கும் கட்டிகளும் உண்டு! எது எப்படிப்பட்டது என்று, வயிற்றைக் கிழிக்காமலே கண்டுபிடிக்க உதவுகிறது "எம்.ஆர்.ஐ." கருவி.

இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. இருப்பது பெரிய காந்தம். பல ஆஸ்பத்திரிகளில் உள்ள காந்தத்தின் சக்தி, பூமியின் காந்த சக்தியைப் போல் சுமார் 30 ஆயிரம் மடங்கு!

உடம்பில் உள்ள தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. காந்தம் அவற்றை வரிசைப்படுத்துகிறது. ரேடியோ அலையை அனுப்பினால் வரிசை கலைகிறது. அலையை நிறுத்தியதும், அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அப்போது அவை எழுப்பும் மெல்லிய அலையைப் பிடித்துப் படமாக்குகிறார்கள்.

கொழுப்பு சீக்கிரம் திரும்பி விடும். தண்ணீர் நிதானமாகத் திரும்பும். படம் எடுக்கும் முறையை மாற்றினால், ஒரே கட்டி ஒரு படத்தில் கறுப்பாகவும், இன்னொன்றில் வெள்ளையாகவும் தெரிவது இதனால்தான்.

எலிகளின் கட்டிகளில் இந்த நேரம் மாறுபடுகிறது என்று 1971-ல் எழுதினார், அமெரிக்க டாக்டர் டமாடியன். 1973-ல் லாட்டர்பர் அதைப் படமாக்கும் வழியைக் காட்டினார். 2003-ல் லாட்டர்பருக்கும் இங்கிலாந்தின் மான்ஸ்பீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டமாடியனுக்கு இல்லை! அவர் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார்.

பல்பு போல எரியும்!

ரத்தக்குழாய்க் கட்டி என்று ஒன்று உண்டு. உள்ளே பஞ்சு போலச் சின்னச் சின்ன அறைகள். அவற்றில் ரத்தம் தேங்கி நிற்கும். தண்ணீரைக் காட்டும் படத்தில் அது பல்பு எரிவது போலப் பளிச்சிடும். மருந்து ஏற்றிப் படம் எடுத்தால், ஓரத்தில் தொடங்கி மெதுவாக உள்ளே நிரம்பும். இது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம்.

வெறும் நீர்க்கட்டியும் அப்படித்தான் பளிச்சிடும். ஆனால் மருந்து அதற்குள் போகாது.

கொழுப்பு கலந்த கட்டியா? தண்ணீரின் அலையும் கொழுப்பின் அலையும் ஒன்றையொன்று அடித்துக் கொள்ளும் நேரத்தில் படம் எடுப்பார்கள். கட்டி கறுத்து விடும். இதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது. சாதாரணக் கட்டியிலும் கொழுப்பு இருக்கும், புற்றுநோயிலும் இருக்கும்.

கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு, குடல் பக்கத்திலிருந்து வரும் சிரை வழியாகப் போகிறது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோயோ, பெரும்பாலும் தமனி ரத்தத்தை உறிஞ்சி வளர்கிறது. அதனால் ஊசி மருந்து போட்டதும் அதுதான் முதலில் பளிச்சென்று தெரியும். பிறகு, சுற்றியுள்ள ஈரலைவிட மங்கி விடும். ஈரல் சுருங்கிய நோயாளியிடம் இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால், பல சமயம் அதை வைத்தே சிகிச்சையைத் தொடங்குகிறார்கள்.

சில கட்டிகள் காந்தத்துக்கும் பிடிகொடுக்காது. அப்போது ஊசியால் துளி சதை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள்.