ஆளறிந்து அணி அமைத்தல்

மெய்யான ஆட்டக்காரர்களின் புள்ளிக் கணக்கைக் கொண்டு தாளிலே அணி அமைக்கும் கற்பனைத் தளப்பந்துப் போட்டி, 1980-இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரெண்டும் நண்பர்களும் ஆடிய பின்னர்ப் பெரிதும் பரவிற்று. ஏலத்தில் அனைவர்க்கும் பணம் ஒரே அளவே. புகழ்பெற்றோரையே வாங்கினால் பிற இடங்கள் வறிதாகும். நன்கு அடித்தாடும் பந்துபிடிப்பாளர் அரியர்; அத்தகைய புறக்களத்தார் பலர். ஆதலின், இருவரும் ஒத்த ஓட்டம் எடுப்பினும் முன்னவர்க்கே மதிப்பு மிகுதி.

2008 ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை அணி தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்ததும் இந்நோக்கில் விளங்கும். விக்கெட் காப்பு, மட்டையடி, தலைமை மூன்றும் ஒருவரிடம் அமைதல் அரிது.

வள்ளுவர் தெரிந்து வினையாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். பாலோ போன்ற சிற்றூர்களில் மாணவர் குழு அமைக்கும் ஆசிரியர்களும், "சிறந்தவர் யார்?" என்பதோடு, "மாற்று இல்லாதவர் யார்?" என்றும் வினவுக. ஆரவாரமற்ற இலக்குக் காவலன் அப்போது கண்ணில் படுவான்.