குடையால் பியானோ வாசிக்கலாமா?

தேர்ந்த கலைஞர் ஒருவர் பியானோவின் ஒரு கட்டையை விரலால் அழுத்துகிறார். அதே கட்டையை நீங்கள் குடையின் முனையால் அழுத்துகிறீர்கள். இரண்டு ஒலிகளுக்கும் வேறுபாடு இருக்குமா?

"இதென்ன கேள்வி! கலைஞரின் விரலும் குடையும் ஒன்றா?" என்பீர்கள். ஆனால் ஆங்கில இயற்பியல் அறிஞர் சர் ஜேம்ஸ் ஜீன்ஸ், இசையும் அறிவியலும் பற்றி 1937-இல் வெளியிட்ட நூலில் வேறு விதமாகக் கூறினார். தனி ஒரு சுரத்தைப் பொறுத்தவரை, அழுத்தும் வலிமை ஒன்றாக இருந்தால் விரலும் ஒன்றுதான், குடையும் ஒன்றுதான் என்றார்! கட்டையைத் தொடும் விதத்திலேயே தங்கள் கலை இருப்பதாக நம்பும் கலைஞர்கள் இதை ஏற்பார்களா? யார் கூறுவது சரி? பியானோவின் உள்ளே சற்று எட்டிப் பார்ப்போம்.

கைவிட்டுப் பறக்கும் சுத்தியல்

இன்றைய பியானோவில் 88 கட்டைகளும், 200-க்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகளும் உள்ளன. நாம் ஒரு கட்டையை அழுத்தினால் அது ஏறத்தாழ 1 செ.மீ. கீழே இறங்கும். அதற்குள், கம்பளி போர்த்திய சிறு சுத்தியல் ஒன்று, நெம்புகோல்களின் உதவியால் ஏறத்தாழ 5 செ.மீ. எழும்பிக் கம்பியைத் தாக்கும். அதாவது, விரலைவிடச் சுத்தியலின் வேகம் சுமார் ஐந்து மடங்கு!

இங்கே ஒரு விந்தை. கம்பியைத் தொட இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும்போதே கட்டைக்கும் சுத்தியலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. அறுந்தாக வேண்டும். இல்லையேல் சுத்தியல் கம்பியோடு ஒட்டி நின்று ஒலியை அமுக்கிவிடும். கேரம் பலகையில் ஸ்டிரைக்கரைச் சுண்டிவிட்ட பிறகு நம்மால் அதை ஒன்றும் செய்ய முடியாதல்லவா? அதுபோலத்தான் இதுவும். விடுபடும் கணத்தில் சுத்தியலுக்கு எவ்வளவு வேகம் என்பதே கணக்கு. வேகம் மிகுந்தால் ஒலி உரக்கக் கேட்கும். கம்பளி இறுகுவதால் ஒலியில் கூர்மையும் ஏறும்.

விரல் கட்டையைத் தட்டும் மெல்லிய 'டக்' ஓசை சிலருக்குக் கேட்கும் என்பது உண்மையே. அதைத் தவிர்த்துப் பார்த்தால், ஜீன்ஸ் கூறியது பெருமளவு சரிதான். அப்படியானால் கலை எங்கே போயிற்று?

சின்ன மணி

ஹங்கேரியில் 1811-இல் பிறந்த பிரான்ஸ் லிஸ்ட், ஒப்பற்ற பியானோ மேதை. அவர் 1832-இல் பாரிசில் பகனீனியின் வயலின் இசையைக் கேட்டார். வியந்து போனார். வயலினில் அவர் செய்யும் விந்தைகளைப் பியானோவில் நாம் ஏன் செய்யக்கூடாது என்று முனைந்தார். பகனீனியின் இசைக்கோலம் ஒன்றைத் தழுவி, 1838-இல் ஒரு பயிற்சி உருப்படியை இயற்றினார். 1851-இல் அதைத் திருத்தி அமைத்தார். அதுவே 'லா கம்பனெல்லா'. இத்தாலிய மொழியில் 'சின்ன மணி' என்று பொருள்.

இதில் வலக்கை ஒரு சுரத்திலிருந்து இரண்டு ஸ்தாயிகள் தாண்டி மேலே பாய்ந்து, உடனே திரும்ப வேண்டும். ஏறத்தாழ 33 செ.மீ. தூரம்! உங்கள் அளவுகோலைவிடச் சற்று நீளம். இந்தப் பாய்ச்சல் கண்மூடித் திறப்பதற்குள், மீண்டும் மீண்டும் நிகழ வேண்டும்.

ஒரே கட்டையைப் படபடவெனத் தட்டும் இடங்களும் உண்டு. பழைய பியானோக்களில் கட்டை முழுவதும் மேலே வந்தால்தான் மறுபடி அடிக்க முடியும். இக்குறையைப் போக்கும் அமைப்பை பிரெஞ்சுக் கைவினைஞர் செபாஸ்டியன் எரார் உருவாக்கினார். 1821-இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. தாக்கிய சுத்தியல் அடிவரை விழாமல் பாதி வழியில் தாங்கப்பட்டு நிற்கும். கட்டை சற்றே எழும்பினாலும் அடுத்த அடிக்குத் தயார்! சிறு வயதிலேயே எரார் பியானோக்களை மேடையில் வாசித்தவர் லிஸ்ட். கருவி வளர, கலையும் வளர்ந்தது.

கலை இருக்கும் இடம்

விரல்கள் பிழையின்றிப் பாய்ந்துவிட்டால் போதுமா? போதாது. மேலே மணி ஓயாது ஒலிக்க, கீழ்ச் சுரங்களில் பாட்டு ஓடுகிறது. இரண்டையும் ஒரே வலிமையில் அடித்தால் மணிதான் கேட்கும், பாட்டு மறைந்துவிடும். ஆகவே ஒரே கையில் சுண்டுவிரலுக்கு ஒரு வேகம், கட்டைவிரலுக்கு வேறொரு வேகம் வேண்டும்.

இன்னொரு சிக்கல். வயலினில் வில் ஓடும்வரை ஒலி நீடிக்கும். பியானோ ஒலியோ பிறந்த கணமே தேயத் தொடங்கும். தேய்ந்துவரும் சுரத்தின் எஞ்சிய ஒலிக்கு ஏற்ப அடுத்த சுரத்தை அடித்தால்தான் இரண்டும் ஒரே பாட்டாக இணையும். இதற்குக் காதே வழிகாட்டி. ஒரு பாய்ச்சலுக்கு முன் இமைப்பொழுது தயங்குவதா, கூடாதா? ஒலியடக்கிகளை உயர்த்தும் பெடலை எப்போது மிதிப்பது, எப்போது விடுவது? இவற்றையெல்லாம் கலைஞரே தீர்மானிக்கிறார்.

நண்பர்களே, வாய்ப்புக் கிடைத்தால் இரு கலைஞர்கள் வாசித்த 'லா கம்பனெல்லா' ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். எழுதிய சுரங்கள் ஒன்றே. கேட்கும் மணிகள் வேறு வேறு. குடையாலும் ஒரு சுரத்தை ஒலிக்கச் செய்யலாம். ஆனால் அடுத்த சுரம் எப்போது, எவ்வளவு என்பது குடைக்குத் தெரியாதே!